ஒரு பிள்ளைக்கு ஒரு மருந்து

 

தானா ராத்தாவில் நம் கடை மேசைக்கு ஒரு நாள் வசூல் தாள் வந்தது. அபூர்வ வியாதி கண்ட ஒரு குழந்தையின் படம். கேட்ட தொகையோ லட்சக்கணக்கான வெள்ளி. ஐம்பது வெள்ளி கொடுத்தோம். கொடுத்த கையோடு, "இத்தனை பணத்தில் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்கலாம்!" என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரியா?

வியாபாரிகளாகிய நமக்கு முதலில் விலை விளங்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையின் ஆராய்ச்சிச் செலவு கோடிப் பேர் மீது பரவுகிறது. ஒரு பிள்ளைக்கென்றே செய்யும் மருந்தின் செலவு முழுவதும் அப்பிள்ளையின் பேரிலேயே விழுகிறது. 2025-ஆம் வருஷம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், இரத்தத்தில் சேரும் அம்மோனியா நஞ்சை அகற்றும் சக்தி ஈரலுக்கு இல்லாத ஒரு கைக்குழந்தைக்கு, அதன் மரபணுப் பிழையைத் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் செய்து செலுத்தினார்கள். அந்தப் பிழை இல்லாத பிள்ளைக்கு அம்மருந்து உதவாது. ஆனால் செய்யக் கற்ற வழி உதவும்.

சில பிள்ளைகளுக்கென்று செய்த மருந்தும் விலையில் லேசானதல்ல. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில், மாட்டூல் என்ற ஊரில், தசை நலியும் நோய் கண்ட ஒரு சிறுவனுக்கு 2021-இல் ஓர் ஊசிக்கு 18 கோடி ரூபாய் தேவைப்பட்டது. அதே நோயால் சக்கர நாற்காலியிலிருந்த அவன் அக்காள், தனக்குக் கேட்காமல் தம்பிக்காகக் கேட்டாள். சில நாளில் 46 கோடிக்கு மேல் சேர்ந்தது. மிஞ்சியதில் வேறு பிள்ளைகளுக்கும் உதவினார்கள். அக்காளோ 2022-இல் வஃபாத்தானாள்.

இதைக் கேட்டபின் நம் கணக்கை நாமே திருப்பிப் பார்த்தோம். "எத்தனை பேருக்கு" என்று கேட்ட நாம், கையில் மிச்சம் பிடித்த பணத்தை அந்த எத்தனையோ பேரில் ஒருவருக்காவது கொடுத்தோமா? இல்லை. அது நீதியின் கணக்கல்ல. கஞ்சத்தனம் நீதியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. தராசு சரக்கு நிறுக்க. உயிரை நிறுக்க அல்ல.

இன்னொன்றும் உண்டு. படமும் பேச்சும் மனதைத் தொட்டால் கொடுக்கிறோம். பேசத் தெரியாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் தாள் அடித்துக் கொண்டு வருவார்?

ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லார் பொறுப்பும் நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. மரித்தவருக்கு இப்படியென்றால், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு நம் கடமை குறைந்ததா? ஆகவே மாதந்தோறும் ஒவ்வொரு கடையும் ஒரு சிறு தொகை ஒதுக்கி, முகம் பாராமல் கொடுக்கும் பொது நிதியொன்று நம் சங்கத்தில் வேண்டும். ஒரு வீடு சுமக்க முடியாததை ஊர் சுமக்கும், இன்ஷா அல்லாஹ்.