ஊருக்குள் வந்த நீதிபதி

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தைக்கு வெள்ளாடும் செம்மறியும் ஒன்றாகவே வந்து சேரும். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடைசி நியாயத்தீர்ப்பிலும் இப்படியொரு கலந்த மந்தைதான். மேய்ப்பன் இரண்டையும் வலமும் இடமுமாகப் பிரிக்கிறான். சிறுவயதில் இதைக் கேட்ட பலருக்கும் மிஞ்சியது பயம். பிரசங்கங்களும் அந்தப் பயத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வளர்த்தன.

சங்கீதக்காரருக்கோ பயமே இல்லை. ஆண்டவர் நியாயம் தீர்க்க வருகிறார் என்று 96-ஆம் சங்கீதத்தில் வயல்வெளியும் காட்டு மரங்களும் களிகூர்கின்றன. தீர்ப்பு வருகிறதென்றால் மகிழ்வது யார்?

அதே தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பார்க்கிறேன். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-இல்தான் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2023-இல் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தண்டனையை உறுதிசெய்தார்.

‘கடவுள் அன்பானவர், மறந்துவிடுங்கள்’ என்று அந்தப் பெண்களிடம் சொல்வது அன்பாகுமா? ஆகாது. அழுதவரின் கண்ணீரைக் கணக்கில் எடுக்காத இரக்கம், அழவைத்தவனுக்குச் செய்யும் உபகாரம், அவ்வளவுதான்.

கிறிஸ்தவ விசுவாசம் இன்னும் ஓரடி முன்னே போகிறது. நியாயாதிபதி நம் ஊருக்கு வந்தார். வந்தவர் நம்மோடு குடியிருந்தார். தச்சுவேலை செய்தார். பொய்ச்சாட்சிகள் தம்மேல் சொன்னதைக் கேட்டார். பிலாத்துவின் முன் நின்று, குற்றமின்றித் தண்டனை பெற்றார். சிலுவையில் பாவம் பாவமாகவே நியாயந்தீர்க்கப்பட்டது. அதன் பாரத்தை அவரே சுமந்ததால், கொடுமை செய்தவனுக்கும் மனந்திரும்ப வழி உண்டு. தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனவர்களை எந்த நீதிமன்றமும் எட்ட முடியாது. அந்த வழக்குகளும் அவர் கையில்தான் இருக்கின்றன.

மத்தேயுவில் மந்தையைப் பிரிப்பவர் கேட்பதும் தாம் செய்ததைத்தான்: பசித்தவரிடம், நோயாளியிடம், சிறையில் இருப்பவரிடம் நீ போனாயா என்று. நியாயத்துக்காகக் காத்திருப்பவர் ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவருக்காக ஜெபியுங்கள், ஜெபித்த கையோடு அவர் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.