எறும்பின் எச்சரிக்கையும் தாய்ப்பறவையின் துணிவும்

 



வீட்டு முற்றத்தில் குஞ்சுகளோடு மேயும் கோழியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மற்ற நாட்களில் ஒரு சிறுபிள்ளை கை தட்டினாலும் சிறகடித்து ஓடுகிற கோழிதான் அது. குஞ்சு பொரித்துவிட்டால் அதன் நடையே மாறிவிடுகிறது. வானத்தில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் ஓடிவந்து சிறகுக்குள் ஒடுங்குகின்றன. பூனை நெருங்கினாலோ இறகைச் சிலிர்த்துக்கொண்டு அதன் மேலேயே பாய்கிறது. அஞ்சி ஓடியதும் அதே கோழி. எதிர்த்து நின்றதும் அதே கோழி. எங்கே பதுங்க வேண்டும், எங்கே பாய வேண்டும் என்பதை அதற்குக் கற்றுக் கொடுத்தவன் யார்?

பூமியில் நடமாடும் பிராணிகளும், சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆமின் 38-ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். அவற்றைப் பார்த்துப் படிப்பினை பெறுவது நம் மீதுள்ள கடமையன்றோ?

எறும்பு சொன்ன பாடம்

ஹழ்ரத் ஸுலைமான் (அலை) அவர்களின் பெரும்படை எறும்புகளின் ஓடைப் பக்கம் வந்தபோது, ஓர் எறும்பு தன் கூட்டத்தாரை எச்சரித்ததை ஸூரத்துன் நம்லில் ஓதுகிறோம். படையினர் அறியாமல் மிதித்துவிடக் கூடும், இருப்பிடங்களுக்குள் நுழைந்து கொள்ளுங்கள் என்பதே அதன் எச்சரிக்கை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அந்த எறும்பு தான் மட்டும் ஓடி ஒளிந்து கொள்ளவில்லை. மற்றவர்களைக் காக்கக் குரல் கொடுத்தது. இரண்டு, நபியின் படை வேண்டுமென்றே மிதிக்கும் என்று பழி சுமத்தவில்லை. அறியாமல் நேரக்கூடும் என்றே சொல்லிற்று. முன்னெச்சரிக்கைக்கும் வீண் சந்தேகத்துக்கும் உள்ள வேற்றுமையை அந்தச் சின்னஞ்சிறு பிராணி அறிந்திருந்தது. அதன் சொல்லைக் கேட்டு ஸுலைமான் (அலை) அவர்கள் புன்னகைத்து, தம் இறைவனுக்கு நன்றி செலுத்த அருள் வேண்டினார்கள்.

எறும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் இன்னொரு செய்தியும் கூறுகிறார்கள். பல எறும்பு இனங்களில் இளம் எறும்புகள் புற்றுக்குள்ளே இருந்து குஞ்சுகளைப் பேணுகின்றன. வயது முதிர்ந்தவையே வெளியே சென்று இரை தேடுகின்றன. வெளியேதான் ஆபத்து அதிகம். ஆக, மூத்தவை ஆபத்தைத் தாங்குகின்றன, இளையவை காக்கப்படுகின்றன. நம் வீடுகளில் எப்படி என்று நாமே கேட்டுக் கொள்வோமாக!

இருவகைக் குணமும் படைத்தவன் அவனே

நெதர்லாந்து நாட்டில் பட்டாணிக் குருவியின் இனத்தைச் சேர்ந்த பறவைகளை ஆராய்ந்தார்கள். அவற்றைப் பிடித்து, செயற்கை மரங்கள் வைத்த ஓர் அறையில் விட்டார்கள். சில குருவிகள் உடனே மரத்துக்கு மரம் தாவிப் புது இடத்தைச் சுற்றிப் பார்த்தன. சில தயங்கித் தயங்கியே நகர்ந்தன. பிறகு காட்டில் விட்டுவிட்டு, எவை உயிர் பிழைக்கின்றன என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்கள். 2004-ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. துணிந்த குருவிகளே என்றும் வென்றன என்றோ, தயங்கியவையே என்றும் தப்பின என்றோ சொல்ல முடியவில்லை. இரை மிகுந்த ஆண்டில் ஒருவகைக்கு நன்மை. இரை குறைந்த ஆண்டில் மறுவகைக்கு நன்மை. ஆணுக்கு ஒருவிதம், பெண்ணுக்கு வேறுவிதம்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளைகளில் ஒருவன் துடுக்காக இருப்பான். மற்றவன் தயங்கி நிற்பான். தயங்குகிறவனைக் கோழை என்று ஏசாதீர்கள். துடுக்கானவனை அடங்காப்பிடாரி என்று ஒதுக்காதீர்கள். இரண்டும் அல்லாஹ் அமைத்த இயல்புகளே. அவற்றை நன்மையின் பக்கம் திருப்பிவிடுவதே பெற்றோரின் வேலை.

நாயகத்தின் வாழ்வில்

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வளவு அழகாக இணைந்திருந்தன! ஹிஜ்ரத்தின்போது மதீனா வடக்கே இருக்க, அவர்கள் முதலில் தெற்கே சென்று தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். வழி அறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக் கொண்டார்கள். ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கவசங்கள் அணிந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி போதித்தவர்களும் அவர்களே.

அதே நாயகம் (ஸல்) அவர்கள், மதீனாவில் ஓர் இரவு பயங்கரச் சத்தம் கேட்டு மக்கள் பதறி வெளியே வந்தபோது, அதற்கு முன்பே அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரை மீது சேணமில்லாமல் ஏறிச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தார்கள். மக்களின் அச்சத்தைத் தணித்தார்கள். குகையில் மறைந்ததும் அச்சத்தால் அல்ல. தனியே இருளில் சென்றதும் முரட்டுத்தனத்தால் அல்ல.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை பறந்தோடாமல் அவர்களின் தலைக்கு மேலேயே சிறகடித்துக் கொண்டிருந்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள். மனிதர்களைக் கண்டால் பறந்துவிடும் பறவை, குஞ்சுக்காக மனிதர்கள் நடுவிலேயே வந்து முறையிட்டது. அந்த முறையீடு வீண் போகவில்லை!

நம் நிலை என்ன?

இப்போது நம் பக்கம் வருவோம். தாய்ப்பறவை தனக்காக அஞ்சுகிறது, குஞ்சுக்காகத் துணிகிறது. நாமோ இதைத் தலைகீழாக்கி விட்டோம். வட்டிக்குக் கடன் வாங்கத் துணிகிறோம். யாரென்று விசாரிக்காமல், வெளிநாட்டு வேலை என்று சொன்னவரிடம் மனைவியின் நகையை விற்றுப் பணம் கட்டுகிறோம். ஒரே பொந்தில் இரண்டு முறை கொட்டுப்படுபவன் முஃமின் அல்லன் என்ற கருத்தில் வந்த நபிமொழியை மறந்து, மறுபடியும் கட்டுகிறோம். அதற்குத் தவக்குல் என்று பெயர் வேறு! ஆனால் ஓர் ஏழையின் உரிமைக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது.

பிறரைச் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் மஜ்லிஸில் நாமே குத்பா ஓதினோம். மணப்பெண்ணின் தகப்பனார் தாம் குடியிருந்த வீட்டை விற்றுக் கைக்கூலி கொடுத்திருந்தார் என்பது நமக்குத் தெரியும். பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுங்கள் என்ற இறைக் கட்டளையைப் பற்றி அன்று பேச நினைத்திருந்தோம். முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டோம். அந்தத் தகப்பனார் ஓரமாக நின்று வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்துக் கொண்டிருந்தார். பேசாமல் இருந்தது ஹிக்மத் என்று அன்றிரவு வரை நம்மை நாமே தேற்றிக் கொண்டோம். அது ஹிக்மத் அல்ல. நம் பதவியும் சம்பளமும் போய்விடுமோ என்ற அச்சம்தான். ஒரு சிறு பறவைக்கு இருந்த ஈரம் அன்று நமக்கு இல்லாமல் போயிற்று. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

அன்று முதல் நாம் ஓர் அளவுகோலை வைத்துக் கொண்டிருக்கிறோம். அஞ்சும்போது, இந்த அச்சம் யாரைக் காக்கிறது என்று கேட்டுக் கொள்கிறோம். துணியும்போது, இந்தத் துணிவால் யாருக்கு நன்மை என்று கேட்டுக் கொள்கிறோம். குடும்பத்தையும் மஹல்லாவையும் காக்கும் அச்சம் எறும்பின் எச்சரிக்கை. எளியவருக்காக எழும் துணிவு தாய்ப்பறவையின் துணிவு. நம் நஃப்ஸை மட்டும் காக்கும் அச்சமும், அதற்கு மட்டும் தீனி போடும் துணிவும் நமக்கு வேண்டாம்.

ஆண் பிள்ளையைப் பெற்றவர்களே! கைக்கூலி வேண்டாம் என்று முதலில் சொல்லும் துணிவு உங்களிடம்தான் பிறக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்களே! மாப்பிள்ளையின் மார்க்கத்தையும் குணத்தையும் பொறுமையாக விசாரித்தறியும் எச்சரிக்கை உங்களிடம் இருக்கட்டும். ஆலிம்களாகிய நாம் மிம்பரிலும் மஜ்லிஸிலும் வாய் திறப்போம்.

யா அல்லாஹ்! அஞ்ச வேண்டிய இடத்தில் அச்சத்தையும், துணிய வேண்டிய இடத்தில் துணிவையும், இரண்டையும் பிரித்தறியும் அறிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.