புகையும் விறகும்

மலைமேல் எழும் புகையைக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத நெருப்பு அங்கே உண்டென்று துணிவதையே அனுமானப் பிரமாணத்துக்குத் திருஷ்டாந்தமாக நம் தார்க்கிகர்கள் தலைமுறைதோறும் காட்டி வந்திருக்கிறார்கள். 1992-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து குரூப் ஹெல்த் என்னும் கூட்டுறவு வைத்திய ஸ்தாபனத்தின் மருந்துக் கணக்குகளைக் கொண்டு வான் கோர்ஃப் முதலியோர் செய்ததும் இவ்வகை அனுமானமே. நோயாளியின் முகத்தைப் பாராமல், நாடியைத் தொடாமல், அவர் வாங்கிய மாத்திரைகள் இன்னின்ன என்பதை வைத்தே, வரும் ஆண்டில் அவர் ஆஸ்பத்திரியில் படுக்க நேருமா, உயிர் தரிப்பாரா என்பதன் சாத்தியத்தை அவர்கள் கணித்தார்கள். வயது வேற்றுமையைக் கழித்த பின்னும் அக்கணிப்பு நிலைத்தது. (வாங்கிய மாத்திரை என்றேனேயன்றி உண்ட மாத்திரை என்றேனில்லை, மருந்தைத் தகர டப்பாவில் சேமித்து வைக்கும் பாட்டிமார் எத்தேசத்திலும் உண்டு.)

இங்கே நோய் நெருப்பு. மாத்திரை அதன் புகை. ஆனால் அக்கணிப்புக்கு முந்தைய ஆண்டிலேயே, மார்க் பியர்ஸ் என்ற முதியோர் வைத்தியரும் அவருடைய சகாக்களும், பராமரிப்பு இல்லங்களில் வாழும் வயோதிகருக்குத் தகாத மருந்துகளைப் பட்டியலிட்டபோது, மாத்திரையே விறகாகவும் கூடும் என்பது வெளிப்பட்டது. ஈரலும் சிறுநீரகமும் தளர்ந்த தேகத்தில், தூக்கத்துக்கென்று கொடுத்த டயஸிபாம் நாட்கணக்கில் தங்கி, விடியலில் எழுந்தவரைத் தள்ளாடச் செய்து இடுப்பெலும்பை முறித்துவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அம்லோடிபினால் கால் வீங்க, அவ்வீக்கத்தைப் புதிய வியாதியென்று மயங்கி நீர் பிரியும் மாத்திரை கொடுக்க, அதனால் கிழவர் இரவில் பலமுறை எழுந்து இருட்டில் நடக்க வேண்டியதாகிறது.

அறிவிக்கும் ஹேதுவை ஞாபகம் என்றும், விளைவிக்கும் ஹேதுவைக் காரகம் என்றும் சாஸ்திரம் பிரித்தது. பத்து மாத்திரை வாங்குபவருக்கு ஆபத்து மிகுதி என்னும் கணக்கு, அந்தப் பத்தில் எது ஞாபகம், எது காரகம் என்பதைச் சொல்லாமல் ஊமையாய் நிற்கிறது. இன்சுலினை நிறுத்தினால் நீரிழிவு நிற்பதில்லை, ஆயுள்தான் நிற்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை என்பதும் பழைய தர்க்க உதாரணந்தான். மருந்து வாங்கக் காசில்லாத நோயாளியை அக்கணக்கு ஆரோக்கியவான் வரிசையில் சேர்த்துவிடுவது எனக்கு அந்த இரும்பையே நினைவூட்டுகிறது.

கணித்துச் சொன்னதையே ஊழென்று கொண்டு கைகட்டி நிற்பாரும் உண்டு. அமெரிக்க வைத்தியர் சிலரோ, வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் ஒரு பையிலிட்டு எடுத்துவரச் சொல்லி, மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாய்க் காட்டி, இது எதற்கு என்று கேட்கிறார்கள். கால் வீக்கத்துக்கு என்று பதில் வருமாயின், அவ்வீக்கம் எந்த மாத்திரைக்குப் பின் வந்தது என்பது அடுத்த கேள்வி.