படிக்காதவர் போட்ட ஓட்டு

தன் எழுத்தைப் பற்றித் தானே ஊரறியச் சொல்லலாமா? பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நன்னூலில் விடை வைத்திருக்கிறார். எத்தனை துறை கரைகண்டவனானாலும் தற்புகழ்ச்சி தகாது என்பது விதி. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் திறம் அறியாதவர் நடுவிலும், அவையில் வாதம் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி பழிக்கும்போதும் சொல்லிக்கொள்ளலாம் என்பது விலக்கு. மற்றபடி, நூலின் சிறப்பைச் சொல்ல வேண்டியவர்கள் எழுதியவரின் ஆசிரியர், அவரோடு உடன் கற்றவர், அவர் மாணவர், உரைகாரர். இந்த நால்வருக்கும் பொதுவானது எது என்று வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பேன். நால்வரும் அந்த நூலைப் படித்தவர்கள். அவ்வளவுதான்.

இணையத்தில் நாங்கள் எழுத வந்த காலத்தில் இந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது. 2004-இல் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி தொடங்கியது. பிறகு தமிழிஷ் வந்தது. அதுவே இன்ட்லி ஆயிற்று. கட்டுரைக்கு அடியில் வாக்குப்பட்டை இருக்கும். ஓட்டு கூடினால் கட்டுரை மேலே ஏறும், கூட்டம் வரும். ஓட்டுப் போட்டவர் "த.ம. 3" (தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு) என்று பின்னூட்டத்திலும் குறித்துவிட்டுப் போவார், நாமும் மறக்காமல் போய்ப் போட வேண்டும் என்பதற்காக. முசிறிப் பக்கத்து ஊர்களில் பெண்களிடம் கேட்டெழுதிய ஒப்பாரிகளை நான் வெளியிட்டபோது, தாயை இழந்த மகளின் புலம்பலுக்குக் கீழே வந்த முதல் வரி: "அருமை. தொடருங்கள். த.ம. 1." படித்திருந்தால் அந்த இடத்தில் அப்படி எழுத யாருக்கும் கை வராது.

இதெல்லாம் மொய் மாதிரிதானே, வைத்ததைத் திருப்பி வைக்கிறோம், இதில் என்ன பாவம் என்று நல்ல நண்பர்களே கேட்டார்கள். மொய்யை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கம் எத்தனையோ கல்யாணங்கள் அதில் நடந்திருக்கின்றன. ஆனால் மொய் நோட்டில் இருப்பது கொடுத்தவர் பேரும் தொகையும் மட்டும். அதைப் பார்த்து யாரும் சாப்பாடு நன்றாக இருந்தது என்று முடிவு கட்டுவதில்லை. ஓட்டு அப்படியில்லை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது கடன். வெளியிலிருந்து வருகிற மூன்றாம் ஆளுக்கோ அது தீர்ப்பு. ஏமாறுகிறவர் அவர்தான், அவரை நாம் பார்க்கப்போவதுகூட இல்லை.

பிறர் சொல்லை எப்போது நம்பலாம்? சைவ சித்தாந்தத்தில், ஒன்றை அறியும் வழிகளான அளவைகளைச் சுருக்கினால் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடங்கும். சிவஞான சித்தியார் நூலின் சுபக்கப் பகுதி இந்த ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறது. கண்ணால் காணாததை, ஊகித்தும் அறிய முடியாததை, நம்பத் தகுந்தவர் சொல்லால் அறிகிறோம். அந்த நம்பத் தகுந்தவர் யார்? உள்ளதை உள்ளபடி அறிந்தவர், அறிந்ததை அப்படியே சொல்பவர். இரண்டும் வேண்டும். படிக்காமல் ஓட்டுப் போடுகிறவருக்கு முதல் தகுதியே இல்லை. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லாமலிருக்கலாம். ஆனாலும் அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். இதைச் சின்னக் குற்றமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உலகத்தில் நாம் அறிந்ததில் பெரும்பகுதி பிறர் சொல்லி அறிந்தது. அந்த வழியைக் கெடுத்தால் எதை நம்பிப் படிப்பது?

2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் தளத்தை நான் நேசித்ததற்குக் காரணம், அங்கே அந்தச் சாட்சி கெடாமல் இருந்ததுதான். அங்கே ஒருவர் தனக்கு மறுபடி வேண்டும் என்றுதான் ஒரு பக்கத்தைக் குறித்துவைப்பார். பிறர் கண்ணில் பட்டது உபரி. முகம் தெரியாத யாரோ என் ஒப்பாரிக் கட்டுரையைச் சேமித்து, இரண்டு குறிச்சொல் இட்டிருந்தார்: ஒப்பாரி, அம்மா. இரண்டாவது எனக்குத் தோன்றாதது. அந்த வழியாக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தங்கள் ஊர்ப் பாட்டை எழுதி அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

நல்ல எழுத்து கண்ணில் படாமலே போய்விடுமே என்ற கவலை நியாயமானது. தன் திறம் அறியாதவர் நடுவில் சொல்லலாம் என்று பவணந்தியாரே விட்டிருக்கிறார். ஆகவே சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரியில் எழுதி, அது தேவைப்படுகிறவர்களுக்கு உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். அது அழைப்பு, அதில் கள்ளமில்லை. இன்னொருவர் வாயால் வர வேண்டிய சொல்லைப் பண்டமாற்றுச் செய்து வாங்குவதும், நாலு பெயரில் கணக்குத் திறந்து தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்வதும் கூடாது.

இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் அதே ஒப்பந்தம் விருப்பக்குறிக்காக நடக்கிறது. எழுதத் தொடங்கியிருக்கும் என் மாணவிகள் சுட்டியை அனுப்பி, "டீச்சர், ஒரு லைக் போடுங்க" என்கிறார்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்: படித்துவிட்டுப் போடுகிறேன், அதற்கு ஒரு நாள் ஆகலாம். என் எழுத்துக்கும் அப்படியே செய்யுங்கள். பிடிக்கவில்லையென்றால் போடாதீர்கள்.