அந்த நாற்காலி யாருக்கு?

ஆந்திராவின் ராமகுப்பத்து வீட்டுத் திண்ணையில் ஆயா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்ததைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். விசேஷமாக ஒன்றுமில்லை. கையில் முறம், கன்னத்தில் சாய்ந்த வெயில், பக்கத்தில் யாரும் உட்காராத பிளாஸ்டிக் நாற்காலி, தூணோரம் நசுங்கிய எண்ணெய் டின். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, "முதுமைன்னா காத்திருக்கிறதுதான்" என்று எழுதினான். அவனுடைய நண்பனுக்கு டின்னில் வறுமை தெரிந்தது. வாணியம்பாடி அத்தை போன் செய்தாள். "அப்பா நாற்காலி அப்படியே காலியா இருக்குதே, கண்ணு" என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

நாற்காலி எனக்காகப் போட்டது. அதில் உட்கார்ந்துதான் ஆயா கொடுத்த காபியைக் குடித்தேன். வெயில் அழகாக விழுகிறதே என்று வாசலில் இறங்கி நின்று படம் எடுத்தேன். ஆள் வந்திருந்ததால்தான் நாற்காலி வெளியே வந்தது. அந்த ஆள் படமெடுக்க எழுந்ததால்தான் காலியாக இருந்தது. தாத்தா அந்த நாற்காலியைப் பார்த்ததுகூட இல்லை, அவர் போன பிறகு வாங்கியது.

டின் யானைக்கு. ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து 1980-களில் இந்தப் பக்கம் வந்த யானைகள் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்காகவே கௌண்டின்யா சரணாலயம் வந்தது. காட்டோரத்து ஊர்களில் கதிர் முற்றுகிற காலம் தூங்காத காலம். ராத்திரியில் ஒரு கொல்லையில் சத்தம் கேட்டால் அடுத்த கொல்லைக்காரரும் எழுந்து டின் தட்டுவார், பட்டாசு கொளுத்துவார், டார்ச் அடிப்பார். ஆயாவின் முறத்தில் இருந்த கேழ்வரகு அப்படிக் காவல் இருந்து வீடு வந்து சேர்ந்தது. அன்று அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கல்லும் பதரும் போக்கி, மறுநாள் மில்லுக்கு அனுப்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் இருந்தாள்.

இத்தனையும் தெரிந்த நான் அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் தப்பாகப் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றவுமில்லை. தாத்தா அந்தத் திண்ணையில் எந்த இடத்தில் உட்காருவார், வெற்றிலையை எந்தப் பக்கம் துப்புவார் என்று அறிந்தவள் அவள். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது; நாற்காலி அதை அவளுக்குக் காட்டிவிட்டது. தம்பியின் நண்பன் விஷயம் வேறு. ஆயாவின் பெயர் அவனுக்குத் தெரியாது. முதுமை, வறுமை, கிராமம் என்று மனதில் முன்பே எழுதி வைத்திருந்ததை அவள் முகத்தின்மேல் ஒட்டிப் பார்த்தான். இரண்டு பேருமே படத்தில் இல்லாததைத்தான் பார்த்தார்கள். ஆனால் அத்தை பார்த்ததில் ஆயா இருந்தாள்.

உலகம் அதிகம் பார்த்த படங்களில் ஒன்றுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கிய முகாமில் டோரதியா லாங் எடுத்த படம் அது. கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், முகம் திருப்பி அவள் தோளில் சாய்ந்த பிள்ளைகள். பொருளாதாரப் பெருமந்தத்தின் முகம் என்றார்கள், தாய்மையின் முகம் என்றார்கள். பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே வர 1978 ஆயிற்று. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்பது படத்தோடு பரவிய கதை. அப்படி எதுவும் விற்கவில்லை என்று அவர் மகன் மறுத்தார்; வழியில் பழுதான காரைச் சரிசெய்யத்தான் அங்கே தங்கியிருந்தார்கள். 32 வயதில் ஒரு காலத்தின் முழுத் துயரத்தையும் தன் முகத்தில் சுமக்க வைக்கப்பட்டவர், அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று வருந்தினார். 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, படத்தை மறக்காத முகமறியாதவர்கள் வைத்தியத்துக்குப் பணம் அனுப்பினார்கள். அப்போது அவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது.

படத்தில் இருப்பவரின் பெயரை விடாமல் வைத்திருப்பதில் நான் மிகவும் மதிக்கிறவர்கள் வடக்கு இலங்கையின் தாய்மார்கள். போரில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்தவர்கள். அவர்கள் கையில் இருந்தவை பள்ளிக்கூடத்துக்கோ அடையாள அட்டைக்கோ எடுத்து, பிறகு பெரிதாக்கிய படங்கள். நேராகப் பார்க்கும் கண், வாரிய தலை. எடுத்தவரும் நினைக்கவில்லை, நின்ற பிள்ளையும் நினைக்கவில்லை, இந்தப் படத்தை அம்மா ஒருநாள் வெயிலில் நெஞ்சோடு வைத்திருப்பாள் என்று. நாம் அதைத் துயரத்தின் சின்னம் என்போம். அந்தத் தாய் அப்படிப் பேசுவதில்லை. பெயரைச் சொல்கிறாள், வயதைச் சொல்கிறாள், எந்த இடத்தில் யாரிடம் ஒப்படைத்தேன் என்கிறாள். சின்னமாகிவிட்டால் தேட வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது பதில்.

ஆயா வீட்டுச் சுவரில் ஒரு ஸ்டூடியோ குரூப் போட்டோ உண்டு. வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் மனிதர்கள், அவர்களுடைய பரம்பரைச் சோகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதத் தூண்டும் முகங்கள். அதைக் கழற்றி, ஆயாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் வைத்துக் கேட்டுக் கேட்டுப் பின்பக்கம் பெயர்களை எழுதினேன். தமிழில் எழுதி, தெலுங்கிலும் எழுதினேன். வீட்டில் தமிழ் பேசும் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தெலுங்கு. அவர்களும் வாசிக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் பெண் யாரென்று ஆயாவுக்கு நினைவில்லை. "அத்தைய கேளு, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். அடுத்த முறை வாணியம்பாடி போகும்போது படத்தை எடுத்துப்போகிறேன்.