நரேலா வீடும் நாள்தோறும் வழியும்

டில்லி ஜங்புராவில், பாராபுல்லா ஓடைக்கரையில் இருந்த மதராசி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை அவற்றுள் ஒரு பகுதியே; அதுவும் நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில்.

அங்கிருந்த தமிழ்ப் பெண்டிர் பலர் அண்டை இல்லங்களில் வேலை செய்து பிழைத்தவர். நரேலா சென்றால் கூரை உண்டு. ஆனால் விடியுமுன் பேருந்தேறி, பிள்ளை உறங்கியபின் திரும்பவேண்டும். அருகே தங்கினால் கூலியை வாடகை விழுங்கும். எது தகும்?

ஆலைச் சங்குக்கு அஞ்சி ஓடிய நாட்களில் என் மகன் முகத்தை விளக்கொளியிலன்றி நான் கண்டதில்லை. ஆதலின், அருகே வேலை கிடைக்காத ஊரில் வீட்டை மட்டும் ஏற்பதை என் மனம் ஒப்பவில்லை. ஆயினும், வாடகை தவறித் தெருவில் நிற்கும் தாயிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.