நாமும் அவர்களும்

இங்கிலாந்துப் பாடசாலைகளில் சமயபாட ஆசிரியராவதற்கு, பட்டப்படிப்பின் பின் ஒரு வருடம் பயிற்சி பெற்றேன். அதில் 120 நாட்கள் பாடசாலைகளில் நின்று கற்பிக்க வேண்டும். மிகுதி விரிவுரையும் கட்டுரையும் பாடக்குறிப்பும். முதல் வாரத்தில் தந்த வேலை எளிதாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு நன்கு தெரிந்த சமயமொன்றைப் பற்றிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எழுதுங்கள் என்றார்கள். நான் சைவத்தைப் பற்றி எழுதினேன். திரும்பி வந்த தாளில் ஒரேயொரு சொல் மட்டும் எல்லா வரிகளிலும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. அது 'நாம்' என்பதற்கான ஆங்கிலச் சொல். 'இந்துக்கள் நம்புகிறார்கள்' என்று எழுதுமாறு ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

அன்றிரவு அதைத் திருத்தி எழுதினேன். 'வெள்ளிக்கிழமைகளில் சில இந்துக்கள் வீட்டில் விளக்கேற்றுவார்கள்' என்று எழுதியபோது, என் அம்மாவை நானே அந்நியப் பெண்ணாக்கிவிட்டதுபோல் இருந்தது.

இந்த 'அவர்கள்' சும்மா வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1870ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளூர் வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலைகளில் எந்தவொரு திருச்சபைக்கும் உரிய ஞானோபதேசத்தைக் கற்பிக்கக் கூடாது என்றது. 1944இன் சட்டம் சமய போதனையைக் கட்டாயமாக்கியது. ஆனால் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு விட்டுவைத்தது. பிறகு குடியேறியவர்களின் பிள்ளைகள் வகுப்பறைகளுக்கு வந்தார்கள். 1967இல் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், ஒரு சமயத்தை அதற்குள் இருப்பவரின் கண்ணால் விளங்கிக்கொள்ளலாம், அதற்காக அதை நம்ப வேண்டியதில்லை என்றார். 1975இல் பேர்மிங்ஹாம் நகரத்தின் பாடத்திட்டம் பல சமயங்களை உள்வாங்கியது. 1988இன் சட்டம், கிறிஸ்தவத்தை முதன்மையாக வைத்தாலும் நாட்டிலுள்ள ஏனைய பிரதான சமயங்களையும் கவனத்தில் எடுக்க வேண்டும் என்றது.

ஜேர்மனியில் நிலைமை வேறு. அங்கே அடிப்படைச் சட்டத்தின் 7ஆம் உறுப்புரைப்படி சமயபாடம் அந்தந்தச் சமயத்தின் கோட்பாடுகளுக்கு இசைவாகக் கற்பிக்கப்படுகிறது. கத்தோலிக்க பாடம் எடுக்க விரும்பும் ஆசிரியருக்குத் திருச்சபையின் அனுமதி வேண்டும். அங்குள்ள ஆசிரியர் 'நாம்' என்று சொல்லலாம். அதிலும் ஒரு நேர்மை உண்டு. நம்பாததை நம்பியவர்போல் விளக்குவது நடிப்பில்லையா என்ற கேள்வி என்னைப் பலநாள் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் எங்கள் ஊர் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சமயபாட மணி அடித்ததும் வகுப்பு பிரியும். நாங்கள் சைவத்துக்கு இருப்போம். கத்தோலிக்க மாணவர் ஆறேழு பேர் பக்கத்து அறைக்குப் போவார்கள். முஸ்லிம் மாணவர் இருவர் மௌலவி வரும்வரை மரத்தடியில் நிற்பார்கள். அவர்களுடைய புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பாடவேளைகள் வேறாக இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போனபின், அவர்கள் எதை இழந்துபோனார்கள் என்று அறிவதற்கான ஒரு சொல்லும் என்னிடம் இருக்கவில்லை. இது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னுமொன்று. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே என்பது இலக்கணம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இந்த வேறுபாடு இல்லை, இரண்டுக்கும் 'நாங்கள்'தான். 'நாம்' சைவசமயப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. 'நாம் கோயிலுக்குச் சென்று வழிபட வேண்டும்' என்று முழு வகுப்பும் ஒன்றாக வாசித்தோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடும்படி கேட்டு நின்று தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் இதே வரியைத்தானே வாசித்திருப்பார்கள்? அந்த 'நாம்' அவர்களையும் சேர்த்ததா?

பயிற்சியின் இரண்டாம் தவணையில் இந்து சமயம் பற்றிய பாடமொன்று எனக்குக் கிடைத்தது. புத்தகத்தில் வர்ணங்களைக் கோபுரம்போல் அடுக்கிய ஒரு படம் இருந்தது. மேலே பிராமணர், அப்படியே இறங்கிக் கீழ்வரை. 'இந்துக்கள் நம்புகிறார்கள்' என்று தொடங்கி, கற்றபடியே விளக்கி முடித்தேன். பாடம் நன்றாகப் போனதென்று பின்வரிசையில் இருந்து பார்த்த ஆசிரியை சொன்னார். எல்லோரும் போனபின் ஒரு தமிழ்ப் பிள்ளை மேசையடிக்கு வந்து, தமிழிலேயே கேட்டது.

"சேர், அந்தப் படத்தில நாங்கள் எங்க இருக்கிறம்?"

"வீட்டில கேளுங்கோ பிள்ளை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த வீட்டில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

எங்களவர்களில் பலர், "நம்பிக்கை இல்லாதவர் சமயம் படிப்பித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஊர் போய்விட்டது, மொழியும் போய்க்கொண்டிருக்கிறது, கோயிலாவது மிஞ்சட்டும் என்ற பயம் அது. ஆனால் பக்தியை ஊட்டுவது கோயிலின் வேலை, வீட்டின் வேலை. பலரும் சேர்ந்திருக்கும் வகுப்பறையில் ஆசிரியரிடம் கேட்கப்படுவது வேறொன்று. அவர் சொல்லும் சைவத்தை என் அம்மா கேட்டால் 'ஓம், இதுதான் எங்கட சைவம்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாவிட்டபுரத்து வாசலில் நின்றவர் கேட்டாலும் 'ஓம், இதுவும் நடந்தது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இருவரில் ஒருவரை மறைத்தாலும் அது பொய். நம்புகிறவர் சொன்னாலும் பொய், நம்பாதவர் சொன்னாலும் பொய்.

இப்போது அந்தப் படம் வரும் இடத்தில் நான் மாவிட்டபுரத்தையும் சொல்கிறேன். அந்த வாசலில் நின்றவர்களும் முருகனைக் கும்பிடத்தான் வந்தார்கள் என்றும் சொல்கிறேன். "நீங்கள் இந்துவா?" என்று பிள்ளைகள் கேட்டால், அந்த வீட்டில் பிறந்தவன் என்கிறேன். அது முழுப் பதிலல்ல என்று அவர்களுக்கும் தெரிகிறது. அன்று வந்து கேட்ட பிள்ளைக்கு மட்டும் பதில் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அடுத்த கிழமையோடு அந்தப் பாடசாலையில் என் பயிற்சி நாட்கள் முடிந்துவிட்டன.